பாலிமர் சோலார் செல்லின் செயல்திறனை உயர்த்துவது எப்படி? டெல்டா ஆய்வு மாணவர்களுக்குப் பத்து எளிய வழிகள்

போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்களுக்கு பிஎச்.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து கோடு எழுதுவார்கள். புண்ணியமும் பாவமும் கலந்து செய்தவர்களுக்கு நெல் ஆராய்ச்சி. அவர்களாவது வரப்பில் நடந்து காற்று வாங்கலாம். கணக்கில் பாவம் மட்டுமே மிச்சம் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு ஒன்று உண்டு: 'பாலிமர் அடிப்படையிலான கரிமச் சூரிய மின்கலங்களின் செயல்திறனை மேம்படுத்துதல்.'

அது உங்களுக்கு வாய்த்திருக்கிறது. தலைப்பில் 'மேம்படுத்துதல்' என்று போட்டு கைடு கையெழுத்தும் வைத்துவிட்டார். இனி ஒரு புள்ளி இறங்கினாலும் பழி உங்கள் மேல்தான். கவலை வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் இந்தத் தலைப்போடு அல்லாடும் அத்தனை பேருக்கும் இந்தப் பத்து வழிகள் போதும். சொன்னபடி செய்தால் செயல்திறன் கட்டாயம் உயரும். மின்சாரம் வருமா என்பது வேறு பாடத்திட்டம்.

வழி 1: வரலாற்றை அள்ளிக் கொட்டுங்கள்

முதல் அத்தியாயம் கனமாக இருந்தால் மற்ற அத்தியாயங்களை யாரும் எடை போட மாட்டார்கள். ஜப்பானில் ஹிதேகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட, கறுப்புத் தூளுக்குப் பதில் வெள்ளியாக மின்னும் பிளாஸ்டிக் படலம் வந்தது. 1977-இல் ஆலன் ஹீகர், ஆலன் மெக்டயார்மிட் ஆகியோரோடு சேர்ந்து அதில் அயோடினை ஏற்றிப் பார்த்தபோது பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தியது. மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் பரிசு. இதை எழுதிவிட்டு, வினையூக்கியை ஆயிரம் மடங்கு போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அங்கே நோபல் வந்தது. இங்கே ஆடிட் அப்ஜெக்ஷன் வரும்.

அடுத்து 1986: கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சூரிய மின்கலம் செய்து, சுமார் 1% செயல்திறனை எட்டினார். 1995-இல் ஹீகர் குழு இரண்டு பொருள்களையும் அடுக்காமல் கலந்தே பூசியது. 2019-இல் சீனாவில் யிங்பிங் ஸோ குழு ஒய்6 என்ற மூலக்கூறைக் கொண்டுவர, எண் 15.7% ஆனது. இப்போது ஆய்வக எண்கள் 20-ஐத் தொட்டுவிட்டன. இந்தப் படிக்கட்டைப் படமாகப் போட்டு, கடைசிப் படிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்றை வைத்து 'இந்த ஆய்வு' என்று எழுதுங்கள். நட்சத்திரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அச்சில் காட்டாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

வழி 2: பொருளை விலை பார்த்து வாங்குங்கள்

பி3எச்டி என்ற பழைய பாலிமர் எளிதில் கிடைக்கும்; அதைத் தொட்டால் விமர்சகர் 'இதில் புதிது என்ன?' என்பார். பிஎம்6 பாலிமர், ஒய்6 ஜோடியை வாங்கினால் மதிப்பு. அவை மில்லிகிராம் கணக்கில் விற்கப்படுகின்றன. கிராம் விலையாகப் பெருக்கிப் பார்த்தால் கும்பகோணம் நகைக்கடையில் தங்கம் சல்லிசாகத் தோன்றும். மூன்று கொட்டேஷன் வாங்கி, பர்ச்சேஸ் கமிட்டி கூடி, அது ஒத்திவைக்கப்பட்டு, பொட்டலம் வந்து சேரும்போது மேட்டூர் அணை இரண்டு முறை திறந்து மூடியிருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். செயல்திறன் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: மின்னழுத்தம், மின்னோட்டம், ஃபில் ஃபேக்டர். 0.83 வோல்ட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லி ஆம்பியர், 0.75 என்று வைத்துப் பெருக்கினால் 15.6 மில்லி வாட். மேலே விழும் ஒளி 100 மில்லி வாட். ஆக 15.6%. பார்க்க எளிது. ஆனால் சிவப்பு ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள ஒளியையும் பிடிக்கும் பொருளைப் போட்டால் மின்னோட்டம் ஏறும், மின்னழுத்தம் இறங்கும். மின்னழுத்தத்தைத் தூக்கினால் மின்னோட்டம் படுத்துக்கொள்ளும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுவதைத்தான் ஆய்வேட்டில் 'ஆப்டிமைசேஷன்' என்று 60 பக்கத்துக்கு எழுதுவீர்கள்.

வழி 3: கலக்குங்கள், அளவோடு கலக்குங்கள்

பாலிமரில் ஒளி பட்டால் சிலிக்கானில் நடப்பதுபோல எலக்ட்ரான் உடனே கழன்று ஓடாது. எலக்ட்ரானும் அது விட்டுவந்த ஓட்டையும் கட்டிப்பிடித்தபடி நகரும். இந்த ஜோடிக்கு எக்ஸிட்டான் என்று பெயர். ஏறக்குறைய 10 நானோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு பொருள்களும் சந்திக்கும் எல்லைக்கு வந்தால் பிரியும், இல்லாவிட்டால் செத்துப்போகும். ஒளியைப் போதுமான அளவு பிடிக்கவோ படலம் 100 நானோமீட்டராவது கனமாக இருக்க வேண்டும்.

டெல்டாக்காரருக்கு இந்தச் சிக்கலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்திலேயே பாசன வாய்க்காலும் வேண்டும், வடிகாலும் வேண்டும். இரண்டும் நடுவில் தூர்ந்துபோகாமல் கடைசிவரை ஓடவும் வேண்டும். கலவை பெருங்கட்டிகளாகத் திரண்டால் எக்ஸிட்டான் எல்லைக்கு வந்து சேராது. அதிகமாகக் கலந்து பொடிப்பொடியாகிவிட்டால் பிரிந்த எலக்ட்ரானுக்கு மின்முனைவரை போக வழி இருக்காது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். சரியான அளவு 10 முதல் 20 நானோமீட்டர். இதை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால் 'மார்ஃபாலஜி கன்ட்ரோல்' என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

வழி 4: சூடும் சொட்டும்

கலவை சரிவரவில்லையா? சுடவையுங்கள். 2005-இல் ஹீகர் குழு பி3எச்டி செல்லை 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தே 5 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வேடுகள் '140 டிகிரி, 145 டிகிரி, 150 டிகிரி, 155 டிகிரி' என்று ஹாட் பிளேட்டின் குமிழைத் திருப்பியே பட்டம் வாங்கியிருக்கின்றன. உங்களுக்கும் ஒரு அத்தியாயம் தயார்.

அடுத்தது சொட்டு. 2007-இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா குழு, கரைப்பானில் கொஞ்சம் ஆல்கேன் டைதையால் சேர்த்து ஒரு பாலிமர் செல்லை 2.8-லிருந்து 5.5 சதவீதத்துக்குத் தூக்கியது. அன்றிலிருந்து எல்லோரும் ஏதாவது ஒரு சொட்டு விடுகிறார்கள். பெரும்பாலும் டைஅயோடோ ஆக்டேன். இது படலத்தில் தங்கிவிட்டால் வெளிச்சம் பட்டுப் பாலிமரைத் தின்னத் தொடங்கும் என்பதை நீங்கள் படித்திருக்கக் கூடும். அது வழி 9-இல் வரும் விஷயம். இப்போதைக்குச் சொட்டு விடுங்கள்.

வழி 5: ஐப்பசியில் செல் செய்யாதீர்கள்

பாலிமர் செல்லுக்கு இரண்டு பகைவர்கள்: ஆக்சிஜனும் ஈரமும். தஞ்சாவூரில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். கீழே பூசும் பெடாட் என்ற படலத்தில் அமிலம் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியில் இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடை அரிக்கும். மேலே கால்சியம் பூசினால் காற்றுப் பட்டதும் வெளுத்துப் போகும். அதனால் எல்லாமே நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள்தான். உள்ளே ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை இறங்கி, வெளியே காயப்போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயாத வாரத்தில் குளோவ் பாக்ஸின் ரப்பர் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். ஈர அளவு காட்டும் எண் ஒன்றிலிருந்து 40, 40-லிருந்து 400 என்று ஏறும். நைட்ரஜன் சிலிண்டர் திருச்சியிலிருந்து வர வேண்டும். லாரி வரும் வழியில் மழை. அந்த வாரம் செய்யும் செல்களை 'ஒப்பீட்டு மாதிரி' என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் செய்யும் செல்கள் அவற்றைவிட நன்றாகத்தான் இருக்கும். முன்னேற்றம் நிரூபணமாகிவிட்டது.

வழி 6: செல்லைச் சிறிதாக்குங்கள்

பத்து வழிகளிலும் நிச்சயமாகப் பலன் தருவது இது. கண்ணாடியின் மேல் உள்ள மின்முனைக்கு மின்தடை அதிகம். செல் பெரிதானால் ஃபில் ஃபேக்டர் சரியும். படலத்தில் தூசி, ஓட்டை விழவும் வாய்ப்பு கூடும். ஆகவே பரப்பை 0.04 சதுர சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர். ஒரு நெல்மணியை மேலே வைத்தால் செல் மறைந்துவிடும்.

யாராவது 'இதை வைத்து பம்ப்செட் ஓடுமா?' என்று கேட்டால் கணக்குச் சொல்லுங்கள். 19% செயல்திறனில் உச்சி வெயிலில் ஒரு செல் 0.76 மில்லி வாட் தரும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3,730 வாட் வேண்டும். ஆக ஏறக்குறைய 49 லட்சம் செல்கள். அத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் 20 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒட்டினால் செயல்திறன் 19-இல் நிற்குமா என்று கேட்கும் அளவுக்கு அவர் வேதியியல் படித்திருக்க மாட்டார்.

வழி 7: விளக்கின் கீழ் அளங்கள், மாஸ்க் போடாமல்

உலகமே ஒப்புக்கொண்ட சோதனை நிலை: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. சித்திரை மாதத்துத் தஞ்சாவூரில் மாடிமேல் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டும் என்பதைச் சோதனை நிலைக்குச் சொல்லிப் புண்படுத்தாதீர்கள்.

செல்லைச் சுற்றி விழும் ஒளியை மறைக்க ஓட்டை போட்ட உலோகத் தகடு ஒன்று உண்டு; மாஸ்க் என்பார்கள். அதைப் போட்டால் செல்லின் மேல் விழும் ஒளி மட்டும் கணக்கில் வரும். போடாவிட்டால் ஓரங்களில் விழுந்த ஒளியும் மின்னோட்டத்தில் சேரும். செல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு லாபம். வழி 6-இன் அருமை இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாக அளந்து கூட்டிச் சரிபார்க்கும் ஈக்யூஇ சோதனை ஒன்றும் இருக்கிறது. இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால், கருவி பழுது என்று குறிப்பெழுதுங்கள்.

வழி 8: சாம்பியனை மட்டும் மேடையேற்றுங்கள்

நாற்பது செல் செய்தால் பத்து மின்கசிவில் போகும், இருபது சுமாராக வரும், ஒன்பது தேறும், ஒன்று பிரமாதமாக இருக்கும். தலைப்பிலும் சுருக்கத்திலும் அந்த ஒன்று. மற்ற முப்பத்தொன்பதின் சராசரியை இணைப்பில், ஏழாம் அட்டவணையில், எட்டுப் புள்ளி எழுத்தில் போடுங்கள். சாம்பியன் செல் என்று இதற்கு உலகம் முழுக்கச் செல்லப் பெயர் உண்டு, கூச்சப்படத் தேவையில்லை.

வழி 9: ஆயுளைப் பற்றி வாய் திறக்காதீர்கள்

திறந்தே ஆக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. புதுச் செல் முதல் சில நாள்களில் சரசரவென்று இறங்கும். அதை 'பர்ன் இன்' என்று ஒதுக்கிவிட்டு, இறக்கம் மெதுவாகும் இடத்திலிருந்து கடிகாரத்தை ஓடவிடுங்கள். நைட்ரஜனுக்குள், எல்இடி வெளிச்சத்தில் சில நூறு மணி நேரம் அளந்து, கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டினால் பத்து ஆண்டு ஆயுள் தாளிலேயே வந்துவிடும்.

கரிம செல்களின் ஆயுளை எப்படிச் சோதிப்பது என்று 2011-இல் பல நாட்டு ஆய்வகங்கள் கூடி ஐசோஸ் என்ற நடைமுறையை வகுத்தன. இருட்டில், விளக்கின் கீழ், திறந்த வெளியில் என்று தனித்தனிப் படிகள். திறந்த வெளி என்ற வார்த்தையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது செல்லைப் பெரியப்பாவிடம் காட்டவும் வேண்டாம். காட்டினால் இப்படிப் போகும்:

"ஏண்டா தம்பி, இது மழையில நனையலாமா?"

"நனையக் கூடாது பெரியப்பா."

"வெயில்ல வெக்கலாமா?"

"ரொம்ப நேரம் வெக்கக் கூடாது."

"அப்ப இத எங்கடா வெக்கிறது?"

"டப்பாவுலதான் பெரியப்பா. நைட்ரஜன் டப்பா."

பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடு கட்டப் போய்விடுவார். எந்த வைவாவிலும் இவ்வளவு கூர்மையான புறத்தேர்வாளர் கிடைக்க மாட்டார்.

இதே கேள்வி பெரிய இடத்திலும் எழுந்திருக்கிறது. ஹீகர் உள்ளிட்டோர் 2001-இல் அமெரிக்காவில் கொனார்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒடிசாவின் கொனாரக் சூரியன் கோவிலின் பெயர்தான் அது. மை பூசுவதுபோல் பிளாஸ்டிக் சுருளில் செல்லை அச்சடிக்கும் திட்டம். 2008-இல் பழைய போலராய்ட் தொழிற்சாலை ஒன்றையே எடுத்தார்கள். 2010-இல் 8.3% என்று சான்றிதழும் வந்தது. அதே காலத்தில் சிலிக்கான் பேனல் விலை தரைக்கு இறங்கிவிட்டது. அதற்கு 25 ஆண்டு உத்தரவாதமும் உண்டு. 2012-இல் கொனார்கா திவாலானது. நோபல் பரிசு கூடவே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

வழி 10: கடைசிப் பத்தியில் விவசாயியைக் கூப்பிடுங்கள்

'இந்தக் கண்டுபிடிப்பு டெல்டா விவசாயிகளுக்குப் பெரிதும் உதவும்' என்று முடித்தால் நிதி தரும் அமைப்புகள் மகிழும். எப்படி உதவும் என்று விளக்கப் புறப்படாதீர்கள், அங்கேதான் வழுக்கும். தமிழ்நாட்டில் பம்ப்செட் மின்சாரம் ஏற்கெனவே இலவசம். அந்த இணைப்புக்கு வரிசையில் காத்திருப்பவர்களுக்கு மானியத்தில் வரும் சோலார் பம்புகள் சிலிக்கான் பேனலில் ஓடுகின்றன.

டெல்டா விவசாயியின் தலைவலி வேறு. குறுவை அறுவடை மழையோடு மோதும். நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடி கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். தளர்வு வேண்டுமென்றால் மத்திய அரசு உத்தரவு வர வேண்டும். நீங்கள் 17-ஐத் தாண்டத் தவிக்கிறீர்கள். அவர் 17-க்குள் இறங்கத் தவிக்கிறார். ஒரு டன் நெல்லை 22-லிருந்து 17-க்குக் கொண்டுவர 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 40 யூனிட் வெப்பம். வெயிலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்கி நெல்லைக் காயவைப்பதைவிட, அவர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டித் துழாவுவதே சிக்கனம். உலர்த்தியின் விசிறிக்கும் ஈரமானிக்கும் வேண்டிய கொஞ்சம் மின்சாரத்தை ஒரு பிளாஸ்டிக் படலம் தரலாம். தர வேண்டுமானால் அந்தப் படலம் முதலில் அந்த மழையில் உயிரோடு இருக்க வேண்டும்.

சில சந்தேகங்கள்

*கேள்வி: இத்தனை குறை இருந்தும் இந்த ஆராய்ச்சி எதற்கு?*
காரணம் இருக்கிறது. இந்தப் படலம் இறகு கனம், வளையும், அறைக்குள் இருக்கும் மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும். பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பயிருக்கு வேண்டிய ஒளியைக் கீழே விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை மட்டும் அதிகமாகப் பிடிக்கச் செய்யலாம். ஒய்6 அந்தப் பகுதியைத்தான் நன்றாக உறிஞ்சுகிறது. நாற்றங்காலுக்கு மேலே நிழல் தராத கூரை என்ற யோசனை சிலிக்கானால் முடியாதது. சிலிக்கானோடு அதன் களத்தில் போட்டி போடுவதை விட்டால் வேலை இருக்கிறது.

*கேள்வி: சூரியனார் கோவிலுக்குப் போனால் செயல்திறன் ஏறுமா?*
ஃபில் ஃபேக்டருக்குப் பரிகாரம் இல்லை. ஆனால் போய் வாருங்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோவில், பக்கத்திலேயே ஆடுதுறை. தரிசனம் முடிந்ததும் அங்கே ஒரு நடை போய்வருவது உங்கள் ஆய்வேட்டுக்கு நல்லது.

ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஏடிடி 36, ஏடிடி 43 என்று டெல்டா முழுக்க விதைத்த ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒரு தொட்டியில், ஒரு செடியில், ஒரு கதிரில் மணி அதிகமாக இருந்தது என்று அங்கே ரகம் வெளியிடுவதில்லை. பல ஊர் மண்ணில், பல பருவத்தில், பிறகு விவசாயியின் சொந்த வயலில் போட்டுப் பார்த்து, புகையானும் மழையும் தின்றதுபோக மிஞ்சும் விளைச்சலைத்தான் எண்ணாக எழுதுவார்கள். இந்த மண்ணில் நேர்மையான சோதனைக்கு நூறு வருடத்து வழக்கம் இருக்கிறது. சோலார் செல்லுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு எதற்கு?

ஆகவே ஆய்வு மாணவரே, மேலே சொன்ன பத்து வழிகளையும் படித்துவிட்டு எதிர்த்திசையில் நடங்கள். மாஸ்க் போட்டு அளங்கள். ஒரு சதுர சென்டிமீட்டராவது இருக்கும் செல் செய்யுங்கள். சராசரியைத் தலைப்புக்குக் கொண்டுவாருங்கள். நன்றாக உறையிட்ட நாலு செல்லைத் தஞ்சாவூர் மொட்டைமாடியில் ஐப்பசி முதல் தேதி வைத்து, கார்த்திகை முடியும்வரை வாராவாரம் அளந்து, வந்த எண்ணை அப்படியே அச்சேற்றுங்கள். அது 6% என்று வந்தாலும் பரவாயில்லை. எங்கோ ஒரு நைட்ரஜன் டப்பாவுக்குள் எடுத்த 20 சதவீதத்தைவிட, நம் மழையில் எடுத்த அந்த 6 இந்த ஊருக்குப் பயன்படும்.